சக்கரத்தின் நெற்றி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடித்த தொப்பியோடு ரிஸ்வான் என் வீட்டு முன்னால் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பலாங்கொடை டவுனில் பழைய கார்களை வாங்கிப் புதுசாக்கி விற்கிற பையன். பையன் என்றால் நாற்பது வயது. எனக்கு எழுபது நெருங்குகிறது, அதனால் அவன் பையன். நானும் சில வருஷம் முன்பு வரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்தவன்தான். இந்த வட்டாரத்தில் பழைய சக்கரம் எது கிடைத்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி அதைப் பெருமை என்று சொல்லமாட்டாள், கொழுப்பு என்பாள்.

லொறியில் நான்கு இரும்புச் சக்கரங்கள் கிடந்தன. டயர் இல்லை. உட்பக்கம் முழுக்க மண்ணும் வேரும் அப்பியிருந்தன. விளிம்பில் மட்டும் பழைய சுண்ணாம்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"அண்ணன், இந்த நாலும் ஒரிஜினலாண்டு பாத்துச் செல்லுங்களேன்" என்றான். "ஒப்பநாயக்கப் பக்கம் ஒரு பங்களாவ ஹோட்டலாக்குறாங்க. போன வருஷம் நீச்சல் தடாகம் வெட்டக்குள்ள மண்ணுக்கடியில கெடந்தீக்கி. என்ட மைனர் காருக்குச் சரியா வருமா?"

எந்தப் பங்களா என்று கேட்டேன். அவன் சொன்ன பெயர் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயர். பிறந்தது அங்கே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு காம்பராவில், படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தது அதே தோட்டத்து ஸ்டோரில். அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குமேல் இந்த 'ஒரிஜினல்' வேறு.

அந்தச் சொல்லை எனக்கு முன்னால் சொல்லாதீர்கள். சொன்னால் பிரஷர் ஏறும், மாத்திரை போட வேண்டும், மாத்திரை வயிற்றைக் கலக்கும், அந்த எரிச்சலை வீட்டில் இருப்பவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பழைய காருக்கு ஒரிஜினல் சக்கரம் எது என்று கண்டுபிடிப்பதை இப்போது ஆளாளுக்குப் போனில் படம் பிடித்துப் போடுகிறார்கள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மைனர் காருக்குப் பதினான்கு அங்குலச் சக்கரம், நான்கு போல்ட். பின்னால் வந்த கார்களின் பதின்மூன்று அங்குலச் சக்கரமும் அதே நான்கு போல்டில் கச்சிதமாய் உட்காரும், அதைப் பார்த்து ஏமாறாதவன் இல்லை. ஆனால் அது அகலம் கூடியது, உயரம் குறைந்தது. காரைத் தள்ளி நின்று பார்த்தால் சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரி தெரியும். வீல் கப்பைப் பிடித்துக்கொள்ள முன்முகத்தில் சின்ன மேடுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு தகட்டில் அச்சடித்த எண்ணைத் தேட வேண்டும். சிலதில் அது செய்யப்பட்ட மாதமும் வருஷமும்கூட இருக்கும்.

பாருங்கள், இரும்புச் சக்கரத்துக்குப் பிறந்த தேதி இருக்கிறது. என் அப்பாவுக்கு இல்லை. பிரஜா உரிமைக்கு மனுப் போட்டபோது கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், அவரிடம் கேட்டது பிறந்த பத்திரம்தான். அவர் இந்த மண்ணில் பிறந்தவரா, அந்த மண்ணில் பிறந்தவரா, அசலா, இரவலா என்று பார்த்து முடிப்பதற்குள் அவருக்கு முன்பல் எல்லாம் விழுந்துவிட்டது. சரி, அந்தக் கோபத்தை அவிழ்த்தால் இன்றைக்குள் கட்ட முடியாது. சக்கரத்துக்கு வருகிறேன்.

ரிஸ்வான் குழாயைத் திறந்துவிட, நான் கம்பித் தூரிகையால் ஒரு சக்கரத்தின் முன்முகத்தைத் தேய்த்தேன். முழங்கால் மடங்காது, ஆகவே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்தேன். ஈர மண்ணும் துருவும் சேர்ந்து ஒரு வாடை கிளம்பியது. அந்த வாடை எனக்குத் தெரியும். ஸ்டோர் ரூமின் மூலையில், உரச் சாக்குக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்கும் நடுவில், பழைய மம்மட்டிகள் குவிந்து கிடக்கும் இடத்தில் அடிக்கிற வாடை. மழை நாளில் அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் சட்டையில் ஏறிவிடும்.

நான் ஸ்டோரில் சேர்ந்தபோது அரசாங்கம் தோட்டங்களைத் தன் கையில் எடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. லயத்துப் பிள்ளைகளில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவன் என்று ஸ்டோரில் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். தற்காலிகம் என்றால், தோட்டத்து மேனேஜரான துரைக்கு மனம் வந்தால் நிரந்தரம், மனம் வராவிட்டால் நாளைக்கே மம்மட்டி. என் முக்கியமான வேலை பஞ்ச் அடிப்பது. தோட்டத்துக்கு வருகிற எந்த இரும்பும் என் கைக்கு வராமல் மலைக்குப் போகக்கூடாது. மம்மட்டி, மண் கிளறும் முள்ளு, கவ்வாத்துக் கத்தி, வாளி எல்லாவற்றிலும் தோட்டத்தின் இரண்டு எழுத்தையும் ஓர் எண்ணையும் அச்சு உளியும் சுத்தியலும் வைத்து அடிக்க வேண்டும். அடித்ததைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வேலைக்காரர்களின் வீட்டில் பஞ்ச் உள்ள சாமான் அகப்பட்டால் திருட்டு. தோட்டத்தில் பஞ்ச் இல்லாத சாமான் அகப்பட்டால் அதுவும் திருட்டு, ஏனென்றால் நல்லதை எடுத்துவிட்டுப் பழசை வைத்துவிட்டான் என்று அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் திருடன் லயத்துக்காரன்தான்.

என் பஞ்ச் பெட்டியில் எட்டு என்ற எண்ணின் உளி மட்டும் கொஞ்சம் பழுது. யாரோ முன்னால் இருந்தவர் ஓங்கி அடித்ததில் எட்டின் கீழ்வயிறு ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது. புதுசு கேட்டு மூன்று முறை எழுதினேன், வரவில்லை. அதனால் எங்கள் தோட்டத்து எட்டு எல்லாமே அடிவயிறு உடைந்த எட்டுதான்.

துரையின் கார் ஒரு மைனர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் வாங்கியது, கரும்பச்சை நிறம். அதுவும் தோட்டத்துச் சொத்து, ஆகவே அதன் ஐந்து சக்கரங்களிலும் நானே பஞ்ச் அடித்தேன். நான்கு ஓடுகிற சக்கரம், ஒன்று ஸ்பேர் வீல். காற்றடிக்கிற வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில், முன்முகத்தில் அடித்தேன். எண் எண்பத்து நான்கில் தொடங்கி எண்பத்து எட்டில் முடிந்தது. நான் ஓங்கி அடித்தபோது பக்கத்தில் நின்ற டிரைவர் கருப்பையா அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"மெதுவா தம்பி, அதுக்கு வலிக்காதா?" என்றார்.

கருப்பையா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, பொத்தானைக் கழுத்துவரை போடுவார். லயத்துக்குத் தள்ளி, பலா மரத்துக்குக் கீழே தனியாக ஒரு டிரைவர் குவாட்டஸ். இரண்டு அறையும் ஒரு குசினியும். எங்கள் ஆட்களில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டு இருமல் கேட்காத வீடு அது ஒன்றுதான். அந்த வீட்டுக்காகவே அவர் துரையின் நாய்க்குக்கூட வணக்கம் வைப்பார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். உண்மையில் அவர் வணக்கம் வைத்தது காருக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு ஃபெக்டரியில் எல்லா மெஷினுக்கும் மாலை போடுவோம். காரையும் கழுவி வாழைக்கன்று கட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார். சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் சரியாக என் பஞ்ச் இருக்கிற இடத்தில் பொட்டு வைப்பார். ஏன் அந்த இடத்தில் என்று கேட்டேன்.

"அதுதான்யா சக்கரத்துக்கு நெத்தி. நீ எழுதுனதுதான் அதோட தலையெழுத்து" என்று சிரித்தார்.

பிறகு மகள் வசந்தாவைக் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டிருந்தார். அந்தப் பத்து நாளில் துரை தானே காரை ஓட்டிக்கொண்டு கொழும்பு போய் வந்தார். அந்தக் காலத்தில் பதினான்கு அங்குல டயர் கடையில் கிடைக்காது, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பதின்மூன்று அங்குல டயர் யாரோ தெரிந்தவர் மூலம் கிடைத்திருக்கிறது. நான்கு சக்கரத்தையும் டயரோடு மாற்றிக்கொண்டு, பழைய சக்கரங்களைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தோட்டத்துச் சொத்தை மாற்ற மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். துரை எதற்கு வாங்குவார்?

அடுத்த ஆயுத பூஜையில் கருப்பையா அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, புதுச் சக்கரத்துக்கு நெத்தி இல்ல. தொர மாத்திட்டு வந்துட்டாரு. பழசு எங்க தொரன்னு கேட்டா, அத பங்களாவுல வச்சாச்சு, ஒனக்கு என்னாங்கிறாரு. இதுலயும் பஞ்ச அடிச்சு புஸ்தகத்துல ஏத்திரு தம்பி. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நான்தான் நிக்கணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "துரைகிட்ட துண்டு எழுதி வாங்கிட்டு வாங்க, அடிச்சித் தாரேன்" என்றேன். விதி அதுதான். துண்டு இல்லாமல் பஞ்ச் அடிக்கக்கூடாது. துரையிடம் போய் துண்டு கேட்கிற டிரைவர் எந்தத் தோட்டத்திலும் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதிகாரியாக நிற்பதில் ஒரு ருசி இருந்தது. அவர் புதுச் சக்கரங்களில் வால்வுக்குப் பக்கத்தில் குத்துமதிப்பாகப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

நாலைந்து மாதம் கழித்துத் துரைக்குப் பெரிய தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. ஒப்படைக்கும்போது சாமான்களைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் ஆடிட் ஐயா வந்தார். என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். காருக்கு வந்தார். டிக்கியைத் திறந்தால் ஸ்பேர் வீலில் எண்பத்து எட்டு இருக்கிறது. ஓடுகிற நான்கிலும் ஒன்றும் இல்லை. அளந்து பார்த்தால் அங்குலமும் குறைவு.

"ரோத ஹதர கோ?" என்று கருப்பையா அண்ணனைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். நாலு சக்கரமும் எங்கே?

"தொர மாத்துனாருங்க" என்றார் இவர். "பழசு பங்களாவுக்குத்தாங்க போச்சு."

ஆடிட் ஐயா துரையைப் பார்த்தார். துரை பைப்பைப் பல்லில் கடித்தபடி எங்கள் தமிழில், அவருடைய வளைந்த தமிழில், சொன்னார்: "சக்கரம் பத்தி எனக்கு தெரியாது. கார் இவன் கையில. இவன்தான் தெரியும்."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் தேடல் தொடங்கியது. எங்கே தேடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பங்களாவில் என்று நினைத்தால் உங்களுக்குத் தோட்டம் தெரியாது. டிரைவர் குவாட்டஸில் தேடினார்கள். வாச்சர் இரண்டு பேர், ஒரு கங்காணி, சாமானை அடையாளம் சொல்ல நான். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். நான்கு காருச் சக்கரம் அரிசிப் பானைக்குள் இருக்குமா? கவிழ்த்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த புதுப்பாயை விரித்து உதறினார்கள். வீட்டுக்குப் பின்னால் மண் புதிதாய்க் கொத்தியிருக்கிறது என்று அவர் மனைவி போட்டிருந்த மரவள்ளிப் பாத்தியை முழுக்கத் தோண்டினார்கள். விரல் தடிமன் கிழங்குகள் வெளியே வந்தன. அந்த அம்மா தோண்டத் தோண்ட அதைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே இருந்தார். தோண்டிய மம்மட்டி நான் பஞ்ச் அடித்த மம்மட்டி.

இதை எழுதும்போது பேனாவைக் குத்தி உடைக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் கோபப்பட்டிருக்க வேண்டிய நேரம் இதுவல்ல, அப்போது.

மறுநாள் பங்களாப் படியில் விசாரணை. எங்கள் ஆட்கள் பங்களாவுக்குள் போகமாட்டார்கள், படிக்குக் கீழே முற்றத்தில் நிற்க வேண்டும். மேலே வராந்தாவில் துரை, ஆடிட் ஐயா, எழுதிக்கொள்ள ஆபீஸ் கிளாக்கர். பிரம்பு நாற்காலியில் துரையின் மனைவி, துரைசாணி, கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வட்டமாய் நான்கு பூப்பாத்திகள். தரையோடு பதித்த வெள்ளை வளையம், அதற்குள் தலை கனத்த டேலியாப் பூக்கள், சிவப்பும் மஞ்சளும். துரைசாணியின் டேலியாவைப் பார்க்க மற்ற தோட்டத்துத் துரைசாணிகள் எல்லாம் வருவார்கள்.

என்னைக் கேட்டார்கள்: காரில் இருக்கிற நான்கும் நீ பஞ்ச் அடித்த சக்கரமா? இல்லைங்க என்றேன். ஒரிஜினல் இல்லையே? ஒரிஜினல் இல்லைங்க. அந்தக் கேள்விக்கு நான் விளக்கமே கொடுத்தேன். அங்குலம் சொன்னேன், அகலம் சொன்னேன், வீல் கப் மேட்டைப் பற்றிச் சொன்னேன். ஆடிட் ஐயா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெரிய மனிதர் ஒருவர் நான் சொல்வதைக் கவனமாய்க் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் கருப்பையா அண்ணன் வாயைத் திறந்தார். "ஐயா, தம்பிகிட்டயே கேளுங்க. பூச அன்னிக்கே தொர மாத்துனத சொல்லி, பஞ்ச அடிச்சுக் குடுன்னு கேட்டேங்க. திருடுனவன் வந்து பஞ்ச அடின்னு கேப்பானுங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துரையும் பார்த்தார். பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தித் துரைசாணியும் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏன் புத்தகத்தில் எழுதவில்லை, ஏன் மேலே அறிவிக்கவில்லை என்று கேட்பார்கள். துரையைப் பொய்யன் என்று சொன்னதாகவும் ஆகும். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் துரையின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

நான் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் டேலியாவைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

கிளாக்கர் அதை எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கீழே வரை கேட்டது. அந்த வாரத்துக்குள் அண்ணனுக்கு வேலை போனது, குவாட்டஸ் போனது. பொலிசுக்குப் போகாமல் விட்டது துரையின் பெருந்தன்மை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். பலா மரத்தடியிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டியோடு அவரும் மனைவியும் கேகாலைக்கு, மகள் வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டில் போய் உட்காருவது எவ்வளவு கேவலம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துரை கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போனார். நான் நிரந்தரமானேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் அங்கே இருந்தேன். நிரந்தரம் கசந்துவிட்டது என்று சொன்னால் நல்லவன் மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. புதுத் துரைக்கு வேறு ஆள் பிடித்தது, என்னைத் தூக்கிவிட்டார்கள். அப்படித்தான் பஞ்சர் கடைக்கு வந்தேன்.

ஒரு தடவை கண்டிக்குப் போகிற வழியில் கேகாலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றேன். புளித்த ரப்பர் பால் வாடை பக்கத்தில் வந்தது. திரும்பினால் கருப்பையா அண்ணன். பொத்தான் இல்லாத சட்டை, அதில் கறுப்புக் கறுப்பாய்ப் பால் கறை. ஸ்டியரிங் பிடித்த கை ஐம்பது வயதில் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி பிடித்துக்கொண்டிருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"என்னா தம்பி, இப்பயாச்சும் ஞாபகம் வந்துச்சா?"

வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது குருநாகல் போகிற பஸ். வழியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, கண்டிக்குப் போய்ச் சேரும்போது நான் தேடிப் போன கடையைச் சாத்திவிட்டார்கள்.

இதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரம் தேய்க்கிற நேரத்தில் வந்துபோனவை. மண் கரைந்து, வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் பெருவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு எழுத்து, அடிவயிறு உடைந்த எட்டு, அதற்குப் பக்கத்தில் நாலு. அடுத்த சக்கரத்தில் ஐந்து. அடுத்ததில் ஆறு. கடைசியில் ஏழு.

சுண்ணாம்பு ஏன் விளிம்பில் மட்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சக்கரத்தைக் குப்புறப் போட்டால் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குள் மண் போட்டு, விளிம்புக்கு வெள்ளை அடித்து, தரையோடு பதித்திருக்கிறார்கள். நெற்றி கீழே, மண்ணைப் பார்த்தபடி. நான் சிமெந்து வளையம் என்று நினைத்த அந்த நான்கு டேலியாப் பாத்தி! அவர்கள் கிழங்குப் பாத்தியைத் தோண்டினார்கள். சக்கர நிபுணன் நான், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, ஞாபகம் இல்லை என்றேன். துரைசாணி மேலே உட்கார்ந்து கம்பளி பின்னினார். என்ன மனம் இருந்தால் பின்ன முடியும்! அதை மண்ணில் பதித்தது பங்களாத் தோட்டக்காரன்தான் இருக்க வேண்டும், துரைசாணி மம்மட்டி பிடிக்கமாட்டார். அவனும் வாயைத் திறக்கவில்லை. அவனைத் திட்டலாம் என்று பார்த்தால் எனக்கு யோக்கியதை இல்லை.

"என்ன அண்ணன், ஒரிஜினலா?" என்று ரிஸ்வான் மறுபடி கேட்டான்.

"ஒரிஜினல்தான்டா, ஒரிஜினல்தான்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ரிஸ்வான் பயந்துவிட்டான். பிறகு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அண்டக்கே செல்லீக்கலாமே அண்ணன்" என்றான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று நாற்பது வயதுப் பையனுக்குத் தெரிகிறது.

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். சக்கரத்தைத் துரு நீக்கிப் பூசி, டயர் போட்டு மாட்டியதும், முதல் ஓட்டம் கேகாலைக்குப் போக வேண்டும். பெயிண்டைத் தடிப்பாக அடித்துப் பஞ்சை மூடிவிடாதே என்றும் சொன்னேன். மூன்று வாரத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுடைய மைனர் வெளிர் நீலம். எங்கள் துரையின் கார் எந்தக் குப்பையில் போனதோ தெரியாது.

விசாரித்து விசாரித்து ரப்பர் மரங்களுக்கு நடுவில் வசந்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். கல்யாணப் பெண்ணாகப் பார்த்தவள், இப்போது முழுக்க நரைத்துவிட்டாள். கார் சத்தம் கேட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் எங்களைப் பார்க்கவில்லை. நேரே முன்சக்கரத்துக்கு வந்து குனிந்தாள். வால்வுக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்துத் தடவினாள்.

"எட்டு ஒடஞ்சிருக்கு" என்றாள்.

அவளே பேசினாள்.

"எட்டோட அடிவயிறு ஒடஞ்சிருந்தா அது நம்ம சக்கரம்னு அப்பா சொல்லுவாருங்க. ரோட்டுல எந்த மைனர் நின்னாலும் இப்பிடித்தான் குனிஞ்சு பாப்பாரு. ஒருக்கா கேகாலை டவுன்ல சக்கரம் கழட்ட வந்த கள்ளன்னு நெனச்சுப் புடிச்சு அடிச்சிட்டாங்க. அதுக்குப் பொறகும் பாக்கிறத விடல. சாகுறவரைக்கும் பாத்தாரு."

"பங்களாத் தோட்டத்துக்குள்ளயே இருந்துச்சும்மா" என்றேன். "ஒங்க அப்பா எடுக்கல."

அவள் நிமிர்ந்தாள். "அவரு எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கோபமாக இல்லை, கூட்டத்தில் தெரிந்த ஆளைத் தேடுகிற மாதிரி.

"நீங்க அந்த ஸ்டோர் தம்பிதானே? ஞாபகம் இல்லன்னு சொன்னவரு."

"ஆமாம்மா, நான்தான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு" என்றேன். பூஜை, சந்தனக் கிண்ணம், துண்டு எழுதி வாங்கிட்டு வாங்க என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் அந்த முற்றத்தில் நின்று சொன்னேன். ரிஸ்வான் காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "வெயில்ல நிக்காதீங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று உள்ளே போனாள். என்னை அவள் திட்டியிருக்கலாம். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

திரும்பி வரும்போது ஒப்பநாயக்கவில் காரை நிறுத்தச் சொல்லித் தோட்டப் பக்கம் ஏறிப் பார்த்தேன். ஸ்டோருக்குக் கூரை இல்லை. பலா மரம் இல்லை, குவாட்டஸ் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மானாப்புல். டேலியா பூத்த இடத்தில் நீலத் தண்ணீர், அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள். அந்தத் துரையும் துரைசாணியும் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். ஆடிட் ஐயாவும் கிளாக்கரும் இல்லை. விசாரணை எழுதிய ஃபைலைக் கறையான் தின்றிருக்கும். அன்றைக்கு அந்தப் படியடியில் இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். மேலே வராந்தாவைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். ஞாபகம் இருக்குங்க என்றேன். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.